அருஞ்சொல் யாருக்குச் சொந்தம்?

ஓட்டக்காரருக்கு மாரத்தான் எவ்வாறோ, அவ்வாறே வேறு யாருக்கு எது? தூதருக்குத் தூதரகம், தியாகிக்குப் படுகொலை, துடுப்பு வலிப்பவருக்கு ரெகாட்டா, நடுவருக்குப் போட்டி, குதிரைக்கு லாயம் என ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் முன்னொரு காலத்தில் இடம்பெற்ற வினா இது. சரியான விடை, துடுப்பு வலிப்பவரும் ரெகாட்டாவும். ரெகாட்டா என்றால் படகுப் போட்டி. வெனிஸ் நகரத்தில் பிறந்து, இங்கிலாந்துக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரையின் செல்வந்தர் பள்ளிகளுக்குக் குடிபெயர்ந்த சொல். ஓட்டப் பந்தயத்தை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ரெகாட்டாவைப் பார்த்து வளர அதற்கேற்ற வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

இந்த ஒற்றை வினா அத்தேர்வின் அநீதிக்குச் சான்றாகப் பல்லாண்டுகள் எடுத்துக்காட்டப்பட்டது. அருஞ்சொல் மேட்டுக்குடியின் பரம்பரைச் சொத்து, அதைக் கேட்பது எளியவர் வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தும் உத்தி என்பது அவ்வாதத்தின் சாரம். நாமும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தோம். இச்சொற்களின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் அருஞ்சொல் என்பது தற்செயலாக வந்ததன்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையில் பிரெஞ்சும், திருச்சபையிலும் கல்விக்கூடத்திலும் லத்தீனும், வயலிலும் அடுக்களையிலும் ஆங்கிலமுமாக மொழிகள் அடுக்கடுக்காய் அமர்ந்தன. மேலடுக்குச் சொற்கள் மெல்லமெல்லக் கீழிறங்கின. பதினாறாம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் சொற்கள் வெள்ளமாய்ப் பெருகியபோது அவற்றை மைக்கூட்டுச் சொற்கள் என்று நகையாடியோர் உண்டு. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக், மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கையில், நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் லத்தீன் வழிச் சொல்லை விலக்கி 'ஹண்ட்ரடர்' என்று தாமே ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டார். நம் தனித்தமிழ் அன்பர்கள் அவரைச் சந்தித்திருந்தால் மார்புறத் தழுவியிருப்பார்கள். ஆயினும் அவர் கட்சி வெல்லவில்லை. வந்த சொற்கள் தங்கிவிட்டன.

1604-இல் ராபர்ட் காட்ரி என்பவர் வெளியிட்ட சிறுநூலே, ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 2,500 சொற்கள். அகராதி என்றதும் மொழியின் எல்லாச் சொற்களும் அதில் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. காட்ரி தொகுத்தவை அருஞ்சொற்கள் மட்டுமே. வெளிப்படையான சொல்லுக்கு விளக்கம் வேண்டா, பொருள் வெளிப்படாத சொல்லுக்கே வேண்டும் என்று உரியியலில் தொல்காப்பியர் வகுத்த நெறியை, அவர் பெயரையே கேள்விப்படாத ஓர் ஆங்கிலேயர் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். அந்நூல் யாருக்காக என்பதையும் அவர் முகப்பிலேயே அறிவித்துவிட்டார். சீமாட்டிகளுக்கும், கல்விப் பயிற்சியில்லாத பிறருக்கும். அதாவது லத்தீன் கற்பிக்கும் பள்ளிகளின் வாசல் யாருக்கு அடைக்கப்பட்டிருந்ததோ அவர்களுக்கு. ஆங்கிலத்தின் முதல் அருஞ்சொற் பட்டியல் வெளியே நின்றவர்களுக்காக எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் லத்தீன் படித்தார்கள். அவர்களுக்கு ஆங்கில அருஞ்சொற்களைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவை பெரிதாக இருந்திருக்காது. 'லோக்வி' என்றால் பேசுதல் என்று அறிந்த சிறுவன், நாவன்மை குறித்த 'எலோக்வென்ட்', வாயாடித்தனம் குறித்த 'லொக்வேஷஸ்', தனிமொழி குறித்த 'சாலிலக்வி' ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் இனங்கண்டிருப்பான். அடுத்த அரை நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளிக்கு வருவோர் தொகை பலமடங்கு பெருகியது. லத்தீன் படிப்போர் விகிதமோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. லத்தீன் வெளியேறிய பிறகும் லத்தீன் வழிச் சொற்கள் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் சட்டத்திலும் அப்படியே இருந்தன. சொற்றொகை கற்பித்தல் என்ற தனித் தொழிலே இந்த இடைவெளியில் முளைத்தது எனலாம்.

அதே காலத்தில்தான் தேர்வும் வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் ஏறத்தாழப் பதினேழு லட்சம் பேருக்கு நுண்ணறிவுத் தேர்வு நடத்தியது. அம்முயற்சியில் பங்கேற்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகாம், அத்தரவுகளைக் கொண்டு 1923-இல் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தாரே அறிவில் உயர்ந்தோர், பின்னாளில் வந்த குடியேறிகளால் நாட்டின் அறிவு தாழ்கிறது என்பது அதன் முடிபு. ஆங்கிலம் அறியாதவனிடம் அமெரிக்க வழக்கங்களைக் கேட்டு, அவன் விழித்ததை இனத்தின் குறையாகக் கணக்கிட்ட நூல் அது. இதே பிரிகாமிடம்தான் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் புதிய தேர்வொன்றை உருவாக்கும் பொறுப்பை அளித்தது. 1926 ஜூன் 23 அன்று 8,040 மாணவர்கள் முதல் எஸ்.ஏ.டி. தேர்வை எழுதினார்கள். 97 நிமிடங்கள், 315 வினாக்கள், ஒன்பது பகுதிகள். சொல் விளக்கம், எதிர்ச்சொல், சொல் ஒப்புமை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒரு செயற்கை மொழியைக் கற்று மொழிபெயர்க்கும் பகுதியும் இருந்தது. நம்மைக் கேட்டால், அந்த ஒன்பதில் நேர்மையானது அது ஒன்றே. அம்மொழி எவர் வீட்டிலும் பேசப்படவில்லை.

பிரிகாமைப் பற்றி இதோடு நிறுத்தினால் அவருக்கு அநீதி செய்தவர்களாவோம். 1930-இல் அவரே ஓர் ஆய்விதழில் தம் நூலின் அடிப்படையே தவறு என்று வெளிப்படையாக எழுதினார். இனங்களை ஒப்பிட்ட ஆய்வுகளுள் மிக ஆடம்பரமானவற்றில் ஒன்று தம்முடையதே என்றும், அதற்கு ஆதாரமில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பின்னாளில், தேர்வுகளுக்கென்று பெரியதொரு நிறுவனம் அமைக்கும் திட்டத்தையும் எதிர்த்தார். 1943-இல் அவர் மறைந்தார். 1947-இல் அந்நிறுவனம் ஈ.டி.எஸ். என்ற பெயரில் தோன்றியது. ஹார்வர்ட் தலைவர் ஜேம்ஸ் பிரையன்ட் கானன்டும் அவருடைய உதவியாளராயிருந்த ஹென்றி சான்சியும் அதன் முதன்மைச் சிற்பிகள். பள்ளியின் தரத்தையோ தந்தையின் செல்வத்தையோ சாராத இயல்பான திறனை இத்தேர்வு காட்டும், மேற்குச் சிற்றூர்களின் அறிவுள்ள பிள்ளைகளை அதைக்கொண்டு கண்டெடுக்கலாம் என்று கானன்ட் உண்மையாகவே நம்பினார். தேர்வின் பெயரிலேயே 'இயல்திறன்' என்ற சொல் இருந்தது. 1990-களில் அச்சொல்லை நீக்கினார்கள். பின்னர், அம்மூன்று எழுத்துகளும் எதன் சுருக்கமும் அல்ல என்றே அறிவித்துவிட்டார்கள்.

சொல்லறிவு இயல்திறனாயின் அதைப் பயில இயலாது. ஆனால் அமெரிக்கர்கள் பயிலத் தொடங்கினார்கள். 1930-களில் ஜான்சன் ஓ'கானர் என்ற திறனாய்வாளர், நிறுவனத் தலைவர்கள் பிற தொழிலினர் எல்லாரையும்விட மிகுந்த சொற்றொகை உடையவர்கள் என்று எழுதியது பெரும் பரபரப்பூட்டியது. சொல்லைக் கற்றால் பதவி வரும் என்று மக்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். 1945-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழில் வில்ஃப்ரெட் ஃபங்க் தொடங்கிய சொல்வளப் பகுதி உலகெங்கும் பரவியது. 1954-இல் அவ்விதழின் இந்தியப் பதிப்பு தொடங்கியபின் நம் ஊர் எழுத்தர்களும் ஆசிரியர்களும் பென்சிலோடு அப்பக்கத்தில் அமர்ந்தார்கள். 1949-இல் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' நூலோ சென்னை நடைபாதைக் கடைகளில் வெகுகாலம் தவறாது கிடைத்த நூல்களுள் ஒன்று. லூயிஸின் முறை, பள்ளியிலிருந்து வெளியேறிய லத்தீனைப் பின்கதவு வழியே அழைத்து வருவதுதான். வேர்களைக் கற்பித்து, அவற்றிலிருந்து கிளைகளைக் காட்டுவார்.

1946-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஸ்டான்லி கப்லன் என்ற இளைஞர், தம் வீட்டு நிலவறையில் எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தனிப்பயிற்சி தொடங்கினார். யூதக் குடியேறிகளின் மகன். நகரத்தின் இலவசக் கல்லூரியில் சிறப்பாகத் தேறியும் மருத்துவக் கல்லூரிகள் இடம்தரவில்லை. பிறப்பைப் பாராமல் மதிப்பெண்ணைப் பார்க்கும் ஒரு தேர்வு தமக்கு அன்று இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் அவரை விட்டு அகலவில்லை. எனவே எல்லாரும் பகையாகக் கண்ட தேர்வை அவர் நட்பாகக் கண்டார். தேர்வு முடிந்ததும் மாணவர்களுக்கு விருந்து வைப்பார். ஆளுக்கொரு வினாவை நினைவுகூர்ந்து சொல்ல வேண்டும். வினாத்தாள் இப்படித் துணுக்குத் துணுக்காக அவர் நிலவறைக்கு வந்து சேர்ந்தது. பயிற்சியால் பயனில்லை என்று தேர்வு நடத்துவோர் பலகாலம் சாதித்தார்கள். 1979-இல் அரசின் வணிக ஆணைய ஆய்வு, ஓரளவு பயனுண்டு என்று காட்டியது.

பட்டியல்களின் காலம் இப்படித்தான் வந்தது. 'பேரன்ஸ்' போன்ற பதிப்பகங்கள் ஆயிரக்கணக்கான சொற்களை அகரவரிசையில் அச்சிட்டு விற்றன. இது நம் கதையும்கூட. அதே ஈ.டி.எஸ். மேற்படிப்புக்கு நடத்திய ஜி.ஆர்.ஈ. தேர்விலும் எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் 2011 வரை இருந்தமையால், அமெரிக்கா செல்ல விரும்பிய தமிழகப் பொறியியல் மாணவர்கள் பேரன்ஸின் 3,500 சொற்களை மனப்பாடம் செய்தார்கள். 'அபேஸ்', 'அபாஷ்', 'அபேட்' என்று தொடங்கும் அந்த வரிசையை இன்றும் ஒப்பிக்கக்கூடிய நண்பர்கள் நமக்கு உண்டு. விடுதி அறைகளில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் சொல்ல, மற்றவர் பொருள் கூற, அருகிலிருப்பவர் தூக்கம் கெட்டு ஏசுவார். சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளியில் நெட்டுருச் செய்தவர்களின் கொள்ளுப்பேரர்களுக்கு அது ஒன்றும் புதிய கலை அன்று. ஆனால் நிகண்டு செய்யுளாதலால் நாவில் நின்றது. பேரன்ஸ் பட்டியலுக்கு யாப்பு இல்லை. தேர்வு முடிந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

பட்டியல் வழியே சொற்றொகை பெருகாது என்பதை ஆய்வாளரும் உணர்ந்திருந்தனர். 1984-இல் வில்லியம் நேகியும் ரிச்சர்ட் ஆண்டர்சனும், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எதிர்கொள்ளும் அச்சிட்ட ஆங்கிலத்தில் சுமார் 88,500 சொற்குடும்பங்கள் இருப்பதாகக் கணித்தார்கள். வகுப்பில் ஒவ்வொன்றாகக் கற்பித்துத் தீரும் தொகையன்று. படிப்பதன் ஊடாக, தெரியாமலே சேர்வதுதான் பெரும்பங்கு. இதற்கிடையே 1963 முதல் 1977 வரை எஸ்.ஏ.டி. மொழிப்பகுதியின் சராசரி 49 புள்ளிகள் சரிந்தது பெரும் சர்ச்சையானது. தேர்வெழுதுவோர் வட்டம் விரிந்ததே முதற் காரணம் என்றது 1977-இல் அறிக்கை தந்த குழு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஹேய்ஸ் 1996-இல் வேறொன்றையும் சுட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பள்ளிப் பாடநூல்களின் மொழி படிப்படியாக எளிமையாக்கப்பட்டிருந்தது. பிள்ளைக்குக் கடினமாயிருக்கிறதே என்ற பரிவால் பாடநூலிலிருந்து அருஞ்சொல்லை எடுத்துவிட்டு, தேர்வில் மட்டும் அதைக் கேட்டால், அச்சொல் எங்கே கிடைக்கும்? வீட்டில் நூலகம் உடையவனுக்குத்தான் கிடைக்கும். நாம் முதலில் தடுமாறிய இடம் இதுவே.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியமானது. 2003-இல் ராய் ஃப்ரீடில் என்பவர் ஹார்வர்ட் கல்வி ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் வெளியாள் அல்லர், ஈ.டி.எஸ். நிறுவனத்திலேயே முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். ஒரே மொத்த மதிப்பெண் பெற்ற கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, எந்தெந்த வினாவில் யார் மேம்பட்டார்கள் என்று அவர் ஒப்பிட்டார். எளிய சொற்கள் உள்ள வினாக்களில் கறுப்பின மாணவர்கள் சற்றே பின்தங்கினார்கள். அருஞ்சொற்கள் உள்ள கடினமான வினாக்களில் சற்றே முந்தினார்கள். எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு.

அவர் தந்த விளக்கம் நுட்பமானது. எளிய சொல் அன்றாட வழக்கில் புழங்குவது. ஒவ்வொரு சமூகத்திலும் அதற்குத் தனித்தனிச் சாயலும் பொருளும் ஏறியிருக்கும். நாமே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வதானால், 'பேட்' என்ற சொல் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் 'மிகச் சிறந்த' என்ற பொருளிலும் வரும். அப்படிப்பட்ட சொல்லை வைத்து வினா எழுதுகிறவர், தம் வீட்டுப் பொருளையே உலகப் பொருளென்று கொண்டுவிடுகிறார். அருஞ்சொல்லுக்கோ தெருவில் புழக்கம் இல்லை. அதை எல்லாரும் புத்தகத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோதான் பெறுகிறார்கள். ஆதலால் அதன் பொருள் எல்லாருக்கும் ஒன்றே. தேர்வு நடத்துவோர் ஃப்ரீடிலின் முறையை மறுத்தார்கள். அவருடைய கணக்கில் குறைகள் உண்டு என்று வாதிட்டார்கள். 2010-இல் மரியா வெரோனிகா சாண்டெலிசெஸ், மார்க் வில்சன் இருவரும் புதிய தரவுகளைக் கொண்டு அதே இதழில் எழுதியபோது, கறுப்பின மாணவரைப் பொறுத்தவரை மொழிப்பகுதியில் அப்போக்கு உண்மையே என்று கண்டார்கள். வேறுபாடு பெரிதன்று, ஆனால் அது எத்திசையில் இருந்தது என்பதே நம்மைச் சிந்திக்க வைத்தது.

ரெகாட்டாவை நினைத்துப் பார்த்தோம். அது உண்மையில் அருஞ்சொல்தானா? ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தாருக்கு அது வீட்டுச் சொல். அதனால்தான் அவ்வினா அநீதியாயிற்று. அது அரிதானது என்பதால் அன்று. அரிய சொல்லையும் அடுத்தவர் வீட்டுச் சொல்லையும் ஒரே மூட்டையில் கட்டி எறிந்துவிட்டோமோ என்ற ஐயம் நமக்கு எழுந்தது.

மால்கம் எக்ஸ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1940-களின் இறுதியில் நார்ஃபோக் சிறையில், தாம் எழுத நினைத்ததை எழுதச் சொல் கிடைக்காத தவிப்பில், அகராதியை முதற்பக்கத்திலிருந்து கையால் படியெடுக்கத் தொடங்கினார். பின்னர் சிறை நூலகத்தில் கைக்கு வந்ததையெல்லாம் படித்தார். அவருக்கு அச்சொற்களை வழிவழியாக எவரும் விட்டுச் செல்லவில்லை. அகராதியும் தாளும் எழுதுகோலும்தான் வேண்டியிருந்தன.

எஸ்.ஏ.டி. தேர்விலிருந்து 1994-இல் எதிர்ச்சொல் நீக்கப்பட்டது. 2001-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், வசதியானதொரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சொல் ஒப்புமைகளைப் பயின்றுகொண்டிருந்ததைக் கண்டு வருந்தியதாக ஓர் உரையில் குறிப்பிட்டார். அவர் வருத்தத்தில் நியாயமுண்டு. பயிற்சிக்குக் கட்டணம் கட்ட முடிந்தவன் பட்டியலையும் வாங்கிவிடுகிறான். 2005-இல் ஒப்புமை நீக்கப்பட்டது. ஃப்ரீடிலின் கட்டுரை வெளிவந்து அப்போது இரண்டே ஆண்டுகள். 2014-இல் வாரியத்தின் தலைவர் டேவிட் கோல்மன், மாணவர் அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்து பின் மறந்துபோகும் சொற்கள் இனி வேண்டா, 'சிந்தெசிஸ்', 'எம்பிரிக்கல்' போலக் கல்லூரியில் உண்மையில் பயன்படும் சொற்களே போதும் என்று அறிவித்தார். 2016-இல் விடுபட்ட சொல்லை நிரப்பும் வினாக்களும் போயின.

அட்டைகளுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் 'எம்பிரிக்கல்' என்ற சொல் யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புழங்குகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. பேராசிரியர் வீட்டில் புழங்கும். பேருந்து ஓட்டுநர் வீட்டில் புழங்காது. அச்சொல்லைப் பயனுள்ள சொல் என்று அழைப்பதால் அது எளிதில் கிடைக்கும் சொல்லாகிவிடுவதில்லை. முன்பு குறைந்தபட்சம், இன்ன சொற்கள் கேட்கப்படும் என்று சொல்லும் ஒரு பழைய புத்தகமாவது சில டாலருக்குக் கிடைத்தது. காட்ரியின் நூலைப் போல. சூழலிலிருந்து பொருளை உய்த்துணர் என்பது, நிறையப் படித்தவனுக்கு எளிய அறிவுரை. படிக்கப் புத்தகம் கிடைக்காதவனுக்கு அது அறிவுரையே அன்று.

பெருந்தொற்றை ஒட்டி 2020 முதல் பல கல்லூரிகள் இத்தேர்வைக் கட்டாயமில்லை என்றாக்கின. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் அடியோடு கைவிட்டது. எம்.ஐ.டி. 2022-இலும், ஹார்வர்ட் உள்ளிட்ட சில 2024-இலும் மீண்டும் கட்டாயமாக்கின. 2024 மார்ச் முதல் அமெரிக்காவிலும் தேர்வு கணினிக்கு மாறிவிட்டது. இப்போது நீண்ட உரைப்பகுதிகள் இல்லை. 25 முதல் 150 சொற்கள் கொண்ட துண்டுகள், துண்டுக்கு ஒரு வினா. அவற்றுள் சிலவற்றில் ஓரிடம் வெறுமையாக விடப்பட்டு, பொருந்தும் சொல்லை நான்கிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். 2016-இல் வாசல் வழியே அனுப்பப்பட்டது சன்னல் வழியே திரும்பியிருக்கிறது. சொற்பட்டியல்களும் மாணவரிடையே மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டன.